தனி ஆள் வேலை

புஞ்சாக் ஆலாம்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள முரியல் அக்காவுக்கு,

தம்பி ராஃபேல் எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் நான், கிளாரிஸ்ஸா, டிஃபனி மூவரும் சுகம். சபாவில் மழை தொடங்கியிருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வலித்தால் கன்னியர் மடத்துத் தாயாரிடம் சொல்லி மருந்து வாங்கிப் போடு. சொல்லாமல் பொறுத்துக்கொள்வதையும் தவத்தில் சேர்த்துவிடாதே.

ஒரு செய்தி. பதற வேண்டாம். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். புது வீடுகள் கட்டும் வேலையெல்லாம் பாதியில் நிற்கிறது. மண் வெட்ட ஆள் கூப்பிடுவார் இல்லை. முதலாளி எங்களைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் ஒளிக்காமல் சொன்னார். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாததால், நான் ஓட்டிவந்த, மண் தோண்டும் பேக்கோவையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பழைய இயந்திரம். ஆனாலும் அது எப்போது இருமும், எப்போது முரண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதை வைத்துச் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டேன். நிலம் துப்புரவு செய்யும் தொழில். புதர் மண்டிய மனை, கிழட்டுச் செம்பனை, வேர்க்கட்டை, எதுவானாலும் பெயர்த்து அகற்றிச் சமப்படுத்திக் கொடுப்பேன். முதலாளியும் நான், ஓட்டுநரும் நான், கூலியும் நான். கிளாரிஸ்ஸா ஒரு பலகையில் என் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தாள். பெரிய சாலையோரம் மரத்தில் கட்டியிருக்கிறேன். இதுவரை கூப்பிட்டவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் நிலைமை சரியாகட்டும் லா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்கள். நிலைமை சரியாகும் வரை புதர் காத்திருக்காது, வளரும். அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன்.

உன் ஜெபத்தில் அந்த இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
ராஃபேல்


சபா,
4 அக்டோபர் 2024

என் பிரியமான ராஃபேல்,

உனக்கும் கிளாரிஸ்ஸாவுக்கும் பிள்ளைக்கும் சமாதானம் உண்டாவதாக. முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மருந்து கேட்டு வாங்கினேன், திருப்திதானே?

மடத்துச் சுவருக்குள் போன் கிடையாது என்று நீ எப்போதும் கேலி செய்வாய். கடிதம் வந்தால் மூன்று தரம் படிக்கிறோம். போனில் அது முடியுமா? உன் கடிதத்தையும் மூன்று தரம் படித்தேன். அதில் முதலாளி இருந்தார், காப்பிக்கடை இருந்தது, பலகை இருந்தது. ஒரு ஆள் மட்டும் இல்லை. பேக்கோ ஓடும்போது கீழே நின்று கை காட்ட ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் சொன்னால்தான் இயந்திரத்தின் கையைத் திருப்புவேன் என்று நீதான் ஒருமுறை எழுதினாய். இப்போது கீழே நிற்பது யார்?

பயமுறுத்த எழுதவில்லை. சொந்தக் காலில் நிற்கிறாய் என்று எனக்குச் சந்தோஷம்தான். தினமும் எங்கே வேலை என்று கிளாரிஸ்ஸாவிடம் சொல்லிவிட்டுப் போகிறாயா? அதை எழுது.

உங்களை ஒவ்வொரு மாலை ஜெபத்திலும் நினைக்கும்,
அக்கா முரியல்


புஞ்சாக் ஆலாம்,
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். இங்கே தினமும் பிற்பகலில் மழை. டிஃபனிக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

வேலை கொஞ்சம் கிடைத்தது. இங்கேயே ஒரு மாமியின் பின்கட்டில் வாழைப்புதரை அகற்றினேன். உள்ளே மலைப்பாம்பு கிடந்தது. மாமி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகச் சாமி கும்பிட்டார். பிறகு பத்தாங் காலியில் ஒரு சீனரின் டுரியான் தோட்டத்துக்குச் சரிவில் படி வெட்டினேன். அதன் பிறகு போன் அடிக்கவே இல்லை. பேக்கோ வீட்டெதிரே நின்று மழையில் நனைவதைப் பார்க்கச் சகிக்காமல் தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினேன்.

இந்த நிலையில்தான் உடையப்பன் வந்தார். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நாம் எஸ்டேட்டில் இருந்தபோது கூலியாட்களை விரட்டி வேலை வாங்கும் இளவட்ட மண்டோராக இருந்தவர். இப்போது நிலத் தரகர். ஆனாலும் எல்லாரும் மண்டோர் என்றே கூப்பிடுகிறார்கள். கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு பழைய எஸ்டேட்டின் பின்பக்கச் சதுப்பு நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறதாம். அன்னாசி போடப் போகிறார்கள். மொத்தமும் துப்புரவு செய்ய வேண்டும். ஆறேழு மாதத்துக்குக் குறையாத வேலை.

ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. தனி ஆளு வேலை இது. ஆளு கூடினா பேச்சும் கூடும்" என்றார். எனக்கு முன்னால் சிவநேசன் என்ற ஒருவர் அங்கே வேலை செய்தாராம், சொந்தப் பேக்கோவோடு. பாதியிலேயே விட்டுவிட்டு ஜோகூருக்குப் போய்விட்டாராம்.

ஒப்புக்கொண்டேன் அக்கா. கிளாரிஸ்ஸாவுக்கு இதில் விருப்பமில்லை.

தம்பி ராஃபேல்


சபா,
11 டிசம்பர் 2024

என் ராஃபேல்,

பிறக்கப்போகும் பாலனின் ஆசீர் உங்கள் வீட்டில் தங்கட்டும். இந்த ஆண்டு குடிலுக்கு நான் மூங்கிலில் ஆட்டுப்பட்டி செய்திருக்கிறேன். ஆடுகள்தான் நாய்கள் போல வந்துவிட்டன.

உடையப்பனை நினைவிருக்கிறது. குரலை உயர்த்தாமல் பேசுவார். பெண்கள் அவரைக் கண்டால் ரப்பர் பால்வாளியை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டு விலகிப் போவார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.

மூன்று கேள்வி. மொத்த நிலத்துக்கு ஒரே ஒரு ஆள் ஏன்? ஆள் கூடினால் எந்தப் பேச்சுக் கூடும்? அந்தச் சிவநேசன் ஜோகூரில் எங்கே இருக்கிறார், அவரிடம் நிலத்தைப் பற்றி நீ விசாரித்தாயா?

முந்திய கடிதத்தில் நான் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
அக்கா


புஞ்சாக் ஆலாம்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்தை மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். கிறிஸ்துமஸ் நன்றாகப் போனது. கிளாரிஸ்ஸா கேக் நான்கு வகை செய்தாள்.

நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே தானா காம்புட் என்பார்கள். மேலே பார்த்தால் தரை. கீழே ஆளுயரத்துக்கு மேல், காலங்காலமாக ஊறிக் கிடக்கும் வேரும் இலையும்தான். மனிதன் நடந்தாலே சற்றுத் தள்ளி நிற்கும் செடி ஆடும். பேக்கோ நேராக இறங்கினால் புதைந்துபோய்விடும். அதனால் பெரிய மரக்கட்டைகளைப் பாய் மாதிரி வரிசையாகப் போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். முன்னே நகர, பின்னால் கிடக்கும் கட்டையை எடுத்து முன்னே போட வேண்டும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். சாய்ந்தால் குதிக்க வேண்டுமே. நீ பயப்படாதே, எனக்கு இது பழகிவிட்டது.

கருவி வைக்கும் கொட்டகையில் சிவநேசனின் மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியிருக்கிறது. உடையப்பனிடம் காட்டினேன். புதுசு வாங்கியிருப்பார் என்றார். ஜோகூரில் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

நிலத்தின் எல்லையில், காட்டை ஒட்டி ஒரு பாரிட் ஓடுகிறது. அந்தக் கால்வாய் மூலையில் மட்டும் யாரோ செம்பனை மரங்களை வெட்டி மலைபோல் குவித்திருக்கிறார்கள். அதைத் தொட வேண்டாம், அங்கே ஆழமாகத் தோண்டவும் வேண்டாம் என்பது உத்தரவு. எனக்கும் வேலை மிச்சம்.

இது உன் மடத்துக்கு வரும்போது தவக்காலம் தொடங்கியிருக்கும். ஈஸ்டர் வரை அங்கே உறையைக் கையில் தர மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

தம்பி ராஃபேல்


புஞ்சாக் ஆலாம்,
16 மார்ச் 2025

அக்கா,

நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுவது ஒரு விதத்தில் சுலபமாக இருக்கிறது. எல்லாரும் சுகம்.

மழை நின்று வாரக்கணக்காகிறது. சதுப்பு காய்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? மண்ணே எரியும். தீ கண்ணுக்குத் தெரியாது. கீழே கீழே ஊர்ந்துகொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் புகையாக மூச்சு விடும். காலையில் போனால் நிலம் முழுக்கப் பனி மூட்டம் போல இருக்கிறது, கிட்டே போனால் கண் எரிகிறது. தீயணைக்கும் போம்பாக்காரர்கள் வந்து தண்ணீர் அடித்தார்கள். தீ குவியலுக்கு அடியில் புகுந்துவிடாமல் இருக்க அந்த மூலையில் ஈரம் தட்டும் வரை பள்ளம் வெட்டச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும்போது நான் எப்படி மறுப்பது? வெட்டினேன்.

ஓரிடத்தில் வாளி இரும்பில் பட்டது. பழைய குழாயாக இருக்கும். மூடிவிட்டு, பள்ளத்தைச் சற்றுத் தள்ளி வெட்டினேன். தீ அங்கே வரவில்லை.

அந்த வாரம் ஒரு பெண்மணி வந்தார். தனேஸ்வரி என்று பெயர். சிவநேசனின் மனைவி. பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெயிலில், புகையில் நடந்தே வந்திருந்தார். போன ஜூன் மாதத்திலிருந்து கணவரிடமிருந்து ஒரு போனும் இல்லையாம். அவர் வேறு ஒருத்தியோடு போய்விட்டார் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்களாம். நான் தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அவரோட பேக்கோவை எங்கயாச்சும் பாத்தீங்களா? மஞ்சள் நெறம்" என்று கேட்டார்.

வெயில் தாழ்ந்ததும் அவரை மோட்டார் சைக்கிளில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன்.

தம்பி


புஞ்சாக் ஆலாம்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நலம். டிஃபனி தேர்வில் நன்றாகச் செய்திருக்கிறாள். கிளாரிஸ்ஸா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன ஞாயிறு எல்லாரும் கம்போங் குவாந்தானுக்குப் போய்ப் படகில் மின்மினி பார்த்தோம். டிஃபனி நிறையப் படம் எடுத்தாள், ஒன்றிலும் ஒன்றும் விழவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

ராஃபேல்


சபா,
21 ஏப்ரல் 2025

என் தம்பி,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இன்றுதான் உறைகளைக் கையில் கொடுத்தார்கள். உன்னுடையவை மூன்று. தேதி வரிசையில் வைத்து ஒரே மூச்சில் படித்தேன்.

முதல் கடிதத்தில் தொட வேண்டாம் என்று சொன்ன மூலை ஒன்று இருந்தது. இரண்டாவதில் இரும்பு இருந்தது. தனேஸ்வரி கேட்ட கேள்வி இருந்தது, அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பது இல்லை. மூன்றாவதில் நிலமே இல்லை. பேக்கோ என்ற சொல்லே இல்லை. நீ சிறுவயதில் காய்ச்சலை மறைக்கும்போதும் இப்படித்தான், எல்லாவற்றையும் பேசுவாய், உடம்பைப் பற்றி மட்டும் பேச மாட்டாய்.

குழாயை யாரும் மூட மாட்டார்கள் ராஃபேல். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்து, இடைஞ்சல் என்று எடுத்துப் போடுவார்கள். நீ மூடினாய்.

நீ பயந்திருக்கிறாய். உனக்குக் குடும்பம் இருக்கிறது, ஒப்பந்தமெல்லாம் உன் பெயரில் இருக்கும். சுவருக்குள் இருந்துகொண்டு துணிச்சல் பேசுவது எனக்கு எளிது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பெண் புருஷன் ஓடிப்போனவள் என்ற பேச்சைச் சுமந்துகொண்டு தினமும் கடைக்குப் போய் வருகிறாள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளிடம் சொல்.

அக்கா முரியல்


புஞ்சாக் ஆலாம்,
18 மே 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கிளாரிஸ்ஸா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு நான் இதுவரை கிறிஸ்துமஸ் அட்டை தவிர எதுவும் எழுதியதில்லை. தவறாக நினைக்கக் கூடாது.

உங்கள் தம்பி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு கோயிலில் நற்கருணை வாங்கவில்லை. பூசை முடிந்து வந்ததும் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "கிளாரா, அங்க மண்ணுக்குள்ள ஒரு பேக்கோ கெடக்கு. மஞ்சள் கூரை. நான் பாத்தேன்" என்றார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன். கதவு இருக்கும் பக்கம் அடியில் கிடக்கிறது, அதனால் இருப்பார் என்றார். அதன் பிறகு அவர் அழுததை நான் எழுத வேண்டாம்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னார். எல்லைக் கற்களை யாரோ இடம் மாற்றி நட்டிருக்கிறார்களாம். அந்த மூலை கம்பெனி நிலமே இல்லை, அரசாங்கக் காடு. சிவநேசன் அங்கே வேலை செய்தது வெளியே தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் அவரை அப்படியே மூடியிருக்கிறார்கள். இப்போது அங்கே காடு அழித்தவர் யார் என்று கேட்டால் ஒப்பந்தத்தில் இருப்பது ராஃபேல் பெயர் மட்டும்தான்.

அந்த மூலையில் பள்ளம் வளைந்து தள்ளிப் போவதைப் பார்த்ததுமே உடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். டிஃபனியிடம் எந்தப் பள்ளி, எந்த பஸ் என்று விசாரித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தனியா வேலை செய்ற ஆளு. பாத்துச் செய்யணும் தம்பி. ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குத் தெரியப் போவுது" என்றார். குரலில் கோபமே இல்லை அக்கா. அக்கறையாகத்தான் சொன்னார்.

மாம்பழத்தைக் குப்பையில் போட்டேன். டிஃபனியை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாளைக் காலையில் நாங்கள் இருவரும் தனேஸ்வரி வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து போலீஸுக்கு. எங்களுக்காக மன்றாடுங்கள்.

கிளாரிஸ்ஸா


புஞ்சாக் ஆலாம்,
22 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் பத்திரமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொன்னாள் கிளாரிஸ்ஸா. உன் சுகத்தைப் பற்றி எழுது.

தனேஸ்வரி வீட்டுக்குப் போனோம். சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவரே, "பேக்கோவைப் பாத்துட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் வந்து கேட்டபோதே பார்த்திருந்தீர்களா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கிளாரிஸ்ஸா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெடுநேரம் கழித்து முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து எங்கள் காரில் ஏறினார்.

அந்தச் சதுப்பில் இறங்கக் கட்டைப்பாய் போட்ட இயந்திரம் என்னுடையது ஒன்றுதான் இருந்தது. அதனால் போலீஸும் போம்பாவும் நிற்க, என்னையே தோண்டச் சொன்னார்கள். குவியலை ஒவ்வொரு மரமாக எடுத்தேன். முதலில் கூரை, பிறகு ஜன்னல் சட்டம். கண்ணாடி உடையாமல் இருந்தது. அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர்கள் கையால் மண்ணை அள்ளினார்கள். நான் இறங்கி ஓரமாகப் போய் நின்றேன். அன்றைக்கு மழை பெய்திருக்க வேண்டும், அதனால் கதவைச் சாத்தி வைத்து ஓட்டியிருப்பார் என்று போம்பா அதிகாரி சொன்னார். கட்டை வழுக்கிக் கதவுப் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. கீழே ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால், ஒரு கயிறு, ஒரு போன் போதும்.

தனேஸ்வரி பாரிட் கரையில் நின்றார். சிவநேசனின் சட்டை நிறம்கூட மாறவில்லை. அந்தக் கரிமண் எதையும் லேசில் அழுக விடுவதில்லை. தனேஸ்வரி அழவில்லை. பக்கத்தில் நின்ற மைத்துனரிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஓடிப் போவல. வேலை செஞ்சுகிட்டுத்தான் இருந்தாரு. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

உடையப்பனைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். சிவநேசன் தன் ஆளே இல்லை, அவர் தனிக் கம்பெனி, அவர் பாதுகாப்பு அவர் பொறுப்பு என்று வக்கீல் சொல்கிறார். என் பேக்கோவைச் சாட்சியமாகக் கட்டி இழுத்துப் போனார்கள். காட்டுக்குள் வேலை செய்ததற்கு எனக்கும் வழக்கு உண்டு. எல்லாம் எதிர்பார்த்ததுதான்.

சிவநேசனின் அடக்கத்துக்குப் போனோம். தனேஸ்வரி என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கிளாரிஸ்ஸாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

தம்பி ராஃபேல்


சபா,
13 ஜூலை 2025

ராஃபேல்,

உங்கள் மூவர்மேலும் இரக்கம் நிழலிடட்டும். இங்கே எல்லாச் சகோதரிகளும் சிவநேசனுக்காக இரங்கல் மன்றாட்டுப் பாடினோம். அவர் எங்கள் வேதம் இல்லையே என்று ஒரு இளைய சகோதரி தயங்கினாள். மண்ணுக்குள்ளிருந்து உதவிக்குக் கூப்பிடுகிறவரிடம் யாரும் வேதம் கேட்பதில்லை என்று மடத்துத் தாயார் சொன்னார்.

உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. அந்த வாரங்கள் உனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். இருக்கட்டும்.

இப்போது எதில் வேலை செய்கிறாய்? உடையப்பன் மறுபடி வந்தாரா? டிஃபனி யாரோடு பள்ளிக்குப் போகிறாள்? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அக்கா


புஞ்சாக் ஆலாம்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். உன் மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். உடையப்பன் வீட்டுக்கு வரவில்லை, ஆனால் சந்தையில் என்னைக் கண்டால் கை உயர்த்திச் சிரிக்கிறார். டிஃபனியை கிளாரிஸ்ஸாவே கொண்டுபோய் விடுகிறாள்.

நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கே இன்னொரு சதுப்பில் வேலை தொடங்கிவிட்டார்கள். வேறு கம்பெனிப் பெயர், தரகரும் வேறு. குலை ஏற்றிப் போகும் வழியில் பார்த்தேன். புகைமூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு பேக்கோ, ஒரே ஒரு ஆள். லோரியை நிறுத்தி நடந்து போனேன். அழகேசன் என்று பெயர், பத்தாங் காலிக்காரர், முப்பது வயதுதான் இருக்கும். சிவநேசனின் கதையைச் சொன்னேன். பேப்பரில் படித்தாராம். "தெரியும்ணே. ஆனா வேற வேலை எங்க இருக்கு?" என்றார். போன வருஷம் என்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கதவைத் திறந்து வைத்து ஓட்டச் சொன்னேன். கட்டைகளைப் பார்த்தேன், மெலிசு. கனமான கட்டை கேட்டு வாங்கச் சொன்னேன், கேட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றார். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் வேலை முடிந்து இறங்கியதும் அவர் கிளாரிஸ்ஸாவுக்குப் போன் செய்ய வேண்டும். செய்துகொண்டிருக்கிறார். ஒரு வார்த்தைதான், "எறங்கிட்டேன்கா." இப்போது அந்தக் குரல் வராமல் இவள் சாயங்காலத் தேநீர் குடிப்பதில்லை.

இதை எழுதத் தொடங்கியபோது வெயில் இருந்தது. இப்போது வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். அழகேசன் இன்னும் கூப்பிடவில்லை. கிளாரிஸ்ஸா இரண்டு தரம் அழைத்துப் பார்த்துவிட்டாள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

போம்பாவுக்குச் சொல்லிவிட்டோம். லோரியில் நீளமான கயிறு இருக்கிறது. நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கிளாரிஸ்ஸா தானும் வரச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாள்.

ராஃபேல்